போக்கர் டேபிள்ல தப்பு நடந்துடுச்சா? டீலர் என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாது

போக்கர் ரூம்ல ஒரு டீலர், அதாவது சீட்டு போடுறவர், மணிக்கு 25, 30 ஹேண்ட் (ஒரு ஹேண்ட்னா சீட்டு போட்டதுலேர்ந்து ஜெயிக்கிற வரைக்கும் ஒரு ஆட்டம்) வரைக்கும் போடுவாரு. ஒவ்வொரு ஹேண்ட்லயும் சீட்டு கலைக்கணும், வெட்டணும், போடணும், பெட் பார்க்கணும், பாட் (நடுவுல சேர்ற மொத்த பணம்) கணக்கு வைக்கணும், கடைசில யாரு ஜெயிச்சாங்கன்னு படிச்சு சொல்லணும், இவ்ளோ கைவேலை இருக்கிற இடத்துல எங்கயாவது ஒண்ணு தவறத்தான் செய்யும். அந்த முதல் தப்பால பெரும்பாலும் பெரிய சேதம் வர்றதில்ல. தப்பு நடந்த அடுத்த ரெண்டு செகண்ட்ல டீலர் பதட்டத்துல தானா சரி பண்ண கைய நீட்டுறாரு பாருங்க, அங்க தான் ஹேண்ட் கெட்டுப்போகுது. ஃப்ளாப்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவா நடுவுல திருப்புற முதல் மூணு சீட்டுல, மூணுக்கு பதிலா நாலு வந்துட்டா அதுக்கு ரூல்ல தெளிவா வழி இருக்கு, ஆனா அந்த நாலுல ஒண்ண அவசரமா எடுத்து கட்டுக்குள்ள சொருகிட்டா, எந்த சீட்டு எங்க இருந்துச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

அதனால கீழ இருக்கிறதுல எது நடந்தாலும் முதல் படி ஒண்ணு தான். கைய நிறுத்துங்க. கட்ட டேபிள்ல வச்சு மேல ஒரு சிப் வைங்க. எந்த சீட்டும், எந்த சிப்பும் இருக்கிற இடத்தவிட்டு நகரக்கூடாது. "ஒரு நிமிஷம், யாரும் ஆக்‌ஷன் பண்ண வேணாம்"னு டேபிளுக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டு ஃப்ளோர, அதாவது தீர்ப்பு சொல்ற மேற்பார்வையாளர, கூப்பிடுங்க. ஃப்ளோர் வந்ததும் நடந்தத நடந்த வரிசைல சொல்லுங்க: எத்தன பேர் ஹேண்ட்ல இருக்காங்க, ஆக்‌ஷன் யார்கிட்ட நிக்குது (அடுத்து ஆட வேண்டியது யாரு), பெட் எவ்வளவு, என்ன தப்பாச்சு. அவ்ளோ தான். தீர்ப்பு உங்க வேலை இல்ல, பிளேயர்ஸ் உங்க வாயப் புடுங்கினாலும் சொல்லாதீங்க.

ரூல் பத்தியும் சொல்லிடுறேன். 2001ல ஆரம்பிச்ச டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், டிடிஏன்னு சொல்வாங்க, அவங்களோட ரூல்ஸத்தான் நிறைய டோர்னமென்ட்ல எடுத்துக்குறாங்க. கேஷ் கேம்ல ஒவ்வொரு ரூமுக்கும் ஹவுஸ் ரூல் தனியா இருக்கும். கீழ எழுதியிருக்கிறது பெரும்பாலும் டிடிஏ வழி, ஹோல்டம் ஆட்டத்த (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு) வச்சு சொல்றேன், உங்க ரூம்ல வேற மாதிரின்னா உங்க ரூம் ரூல் தான் செல்லும்.

"எனக்கு மூணு சீட்டு வந்திருக்கு" / "எனக்கு ஒண்ணு தான் இருக்கு"

இதக் கேட்டதும் நிறைய டீலர் அந்த பிளேயரோட சீட்ட எடுத்து விரிச்சு பார்ப்பாங்க, அத பண்ணாதீங்க. கையில இருக்கிற மீதிக் கட்ட, குப்புற வச்சபடியே, எண்ணிக் காட்டலாம், அதுவும் ஃப்ளோர் எண்ண சொன்னதுக்கு அப்புறம். 52 சீட்டு, 9 பேர், ஆளுக்கு ரெண்டுன்னா 18 வெளிய போயிருக்கணும், கையில 34 நிக்கணும். 33 இருந்தா ஒருத்தர்கிட்ட ஒண்ணு கூட, 35 இருந்தா யாருக்கோ ஒண்ணு குறைவு. சரியா 34 இருந்தும் ஒருத்தர் மூணு இருக்குன்னு சொன்னா வேற ஒருத்தர்கிட்ட ஒண்ணு தான் இருக்கும், டேபிள சுத்தி கேளுங்க.

அடுத்து ஃப்ளோர் உங்ககிட்ட கேக்கப்போற கேள்வி, ஆக்‌ஷன் எவ்ளோ தூரம் போச்சுங்கிறது. டிடிஏ ரூல்ல இதுக்கு ஒரு எல்லை இருக்கு, சப்ஸ்டான்ஷியல் ஆக்‌ஷன்னு பேரு: வரிசைப்படி ரெண்டு பேர் ஆக்‌ஷன் பண்ணி அதுல ஒருத்தராவது சிப் உள்ள போட்டிருக்கணும், இல்லனா வரிசைப்படி எந்த மூணு ஆக்‌ஷனாவது நடந்திருக்கணும். ஆக்‌ஷன்னா செக் (பணம் போடாம விடுறது), பெட், கால் (முந்தின பெட்டுக்கு சமமா போடுறது), ரெய்ஸ் (பெட்ட கூட்டுறது), ஃபோல்ட் (சீட்ட விட்டுடுறது), இதுல எதுவும். பிளைண்ட், அதாவது சீட்டு பார்க்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடுற பணம், போட்டது இந்தக் கணக்குல வராது. இந்த எல்லையத் தாண்டியாச்சுன்னா மிஸ்டீல் (போட்டது செல்லாது, திரும்ப போடணும்னு) சொல்ல முடியாது, ஹேண்ட் நடந்தே ஆகணும். தாண்டலன்னா தான் திரும்ப போடுறதப் பத்தி பேச்சு. அதனால தான் ஆக்‌ஷன் யார்கிட்ட நிக்குதுன்னு எப்பவும் உங்க மனசுல ஓடிட்டே இருக்கணும்.

பட்டன், அதாவது கடைசி சீட்டு போற இடத்தக் காட்டுற வில்லை, யார் முன்னாடி இருக்கோ அவருக்கு மட்டும் ஒண்ணு குறைஞ்சா அது லேசான கேஸ், ஏன்னா கடைசி சீட்டு அவருக்குத்தான் போயிருக்கணும், கட்டோட மேல் சீட்டு அவரோடதே. அவர் இன்னும் ஆக்‌ஷன் பண்ணலன்னா ஃப்ளோர் அந்த சீட்ட அவருக்கே குடுக்க சொல்வாரு.

ஏன் இது திரும்பத் திரும்ப நடக்குதுன்னு பார்த்தா ரெண்டே காரணம் தான். ஒண்ணு, புது சீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரெண்டா போறது, இதுக்கு புது கட்டு வந்த உடனே டேபிள் பூரா பரப்பி ரெண்டு கையாலயும் நல்லா கலைச்சு விடணும், சும்மா ரெண்டு சுத்து சுத்திட்டு எடுத்து அடுக்கக்கூடாது. ரெண்டாவது, முதல் சுத்து முடிஞ்சு ரெண்டாவது சுத்து ஆரம்பிக்கிற அந்த இடத்துல யாராவது உங்ககிட்ட பேச்சு குடுக்குறது. சிப் மாத்தணும்னு கேட்டாலும் சரி, சீட் மாறணும்னு கேட்டாலும் சரி, கடைசி சீட்டு பட்டன்ல விழற வரைக்கும் பதில் சொல்லாதீங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

சீட்டு போடும்போது ஒண்ணு திரும்பிடுச்சு, எல்லாரும் பார்த்துட்டாங்க

எத்தனாவது சீட்டுன்னு பாருங்க. கட்டுலேர்ந்து வந்த முதல் ரெண்டு சீட்டுல எது திரும்பினாலும் அது மிஸ்டீல். அதுக்கு அப்புறம்னா, ஒண்ணு மட்டும் திரும்பியிருந்தா போடுறத நிறுத்தாதீங்க, ஒழுங்கா எல்லாருக்கும் முடிங்க. திரும்பின சீட்ட அவர் வச்சுக்க முடியாது, எல்லாருக்கும் போட்டு முடிச்சதும் கட்டோட மேல் சீட்டு அவருக்குப் போகும், திரும்பின சீட்டு பர்ன் கார்டாகும் (பொது சீட்டு திருப்புறதுக்கு முன்னாடி கட்டுலேர்ந்து ஒதுக்கி வைக்கிற சீட்டு). ரெண்டு சீட்டு திரும்பிடுச்சுன்னா மிஸ்டீல்.

இங்க டீலர்ஸ் பண்ற தப்பு, திரும்பின உடனேயே அடுத்த சீட்ட அந்த ஆளுக்கு போட்டுடுறது. அப்படி போட்டா அவருக்கு பின்னாடி இருக்கிற எல்லாருக்கும் சீட்டு ஒண்ணு தள்ளிப்போயிடும். கடைசி வரைக்கும் போட்டு முடிச்சிட்டு மாத்தினா தான் மத்தவங்களுக்கு வர வேண்டியது வரும். அந்த சீட்ட நிமிர்ந்தபடியே வச்சுட்டு தொடருங்க, எல்லாரும் பார்க்கட்டும், ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா தான் அநியாயம்.

இதெல்லாம் நீங்க திருப்பினா. பிளேயர் கை பட்டு திரும்பியிருந்தா பல ரூம்ல அந்த சீட்டு அவருக்கே சொந்தம், அதனால யாரு கை பட்டுச்சுங்கிறத ஃப்ளோர்கிட்ட சரியா சொல்லுங்க.

சீட்டு அடிக்கடி திரும்புதுன்னா உங்க பிட்ச்ச (சீட்டு வீசுற விதத்த) கவனிங்க. கட்ட புடிச்சிருக்கிற கை உயரமா இருக்கா, இல்ல கட்டோட முன்பக்கம் மேல தூக்கி நிக்குதா? சீட்டு தரையோட தரையா, டேபிள் துணிய உரசிட்டு சுழன்றபடியே போகணும். மேல ஏறி பறந்து போற சீட்டு ஒரு கிளாஸ்லயோ சிப் அடுக்குலயோ மோதினா திரும்பாம என்ன பண்ணும். அதோட முதல் சீட், ஒன்பதாம் சீட் ஆளுங்க, அதாவது உங்களுக்கு ரொம்ப பக்கத்துல உட்கார்ந்தவங்க, கட்டோட அடிச்சீட்ட பார்க்கிற கோணத்துல இருப்பாங்க. வெட்டினதுக்கு அப்புறம் கட் கார்ட் (அடிச்சீட்ட மறைக்கிற அட்டை) அடியில நிக்குதான்னு ஒவ்வொரு ஹேண்ட்லயும் விரலால தொட்டுப் பார்த்துக்குங்க, அது விழுந்துட்டா அடிச்சீட்டு அந்த ரெண்டு பேருக்கும் இலவச தகவல்.

ஆள் இல்லாத இடத்துக்கு சீட்டு போட்டாச்சு, இல்லனா ஆள விட்டாச்சு, இல்லனா முதல் சீட்டே தப்பான இடத்துக்கு போயிடுச்சு

மூணுமே மிஸ்டீல் தான், மேல சொன்ன ஆக்‌ஷன் எல்லைக்கு உட்பட்டு. காரணம் பெரும்பாலும் டோர்னமென்ட்லேர்ந்து கேஷ் டேபிளுக்கு, கேஷ்லேர்ந்து டோர்னமென்ட்டுக்கு மாறி மாறி போற டீலர்ஸோட பழக்கம். டோர்னமென்ட்ல ஆள் எழுந்து போயிருந்தாலும் அவர் இடத்துக்கும் சீட்டு போடணும், பிளைண்டும் போகும், கடைசி சீட்டு விழும்போது அவர் சீட்ல இல்லன்னா அவர் ஹேண்ட கொன்னுடணும் (செல்லாததாக்கி சீட்ட எடுத்துடணும்). கேஷ்ல எழுந்து போனவருக்கு போடவே கூடாது. புது டேபிள்ல உட்கார்ந்ததும் முதல் வேலையா இது எந்த ஆட்டம், எந்த சீட் காலி, பட்டன் எங்கன்னு பார்த்துட்டு அப்புறம் கட்டத் தொடுங்க.

மிஸ்டீல்னு ஃப்ளோர் சொல்லிட்டா அதே ஹேண்ட் அப்படியே திரும்ப நடக்கும். பட்டன் நகராது, புதுசா யாரையும் உட்கார வைக்க முடியாது, நடுவுல லெவல் (பிளைண்ட் அளவு) மாறிட்டாலும் பழைய பிளைண்ட் தான்.

ரெண்டு பேர் மட்டும் மிஞ்சும்போது தடுமாற்றம் வரும், பட்டனே ஸ்மால் பிளைண்ட் (ரெண்டு பிளைண்ட்ல சின்னது, பெருசு பிக் பிளைண்ட்), கடைசி சீட்டு அவருக்கு, ஃப்ளாப்புக்கு முன்னாடி அவர் முதல்ல ஆக்‌ஷன், ஃப்ளாப்புக்கு அப்புறம் அவர் கடைசி. மூணு பேர் ரெண்டு பேரா குறையும்போது ஒருத்தருக்கே அடுத்தடுத்து பிக் பிளைண்ட் வந்துடாம பட்டன தேவைப்பட்டா மாத்தி வைக்கணும்.

"நான் இன்னும் ஆடவே இல்ல, அதுக்குள்ள ஃப்ளாப்ப போட்டுட்டீங்க"

டீலர் பண்ற தப்புலயே டேபிளுக்கு அதிகமா கோபம் வர்றது இதுக்குத்தான், நியாயமான கோபம். எந்த சீட்டு முந்தி வந்துச்சுங்கிறத பொறுத்து வழி மாறும், மூணையும் குழப்பிக்காதீங்க.

ஃப்ளாப் முந்தி வந்துட்டா: பர்ன் கார்ட் அங்கயே இருக்கட்டும். பெட்டிங் முடியட்டும். அப்புறம் அந்த மூணு சீட்டையும் மீதிக் கட்டோட சேர்த்து கலைச்சு, வெட்டி, புது ஃப்ளாப் போடணும். திரும்ப பர்ன் பண்ணக்கூடாது, ஏற்கெனவே பண்ணியாச்சு.

டர்ன் (நாலாவது பொது சீட்டு) முந்தி வந்துட்டா: இது தான் சிக்கலானது. அந்த சீட்ட ஓரமா நிமிர்த்தியே வைங்க, ஃப்ளாப் பெட்டிங் முடியட்டும், மிச்சம் இருந்தவங்க எல்லாரும் ஃபோல்ட் பண்ணினாலும் அந்த சீட்டு இந்த ரவுண்டுக்கு கிடையாது. இப்ப இன்னொரு சீட்ட பர்ன் பண்ணிட்டு, ரிவரா (அஞ்சாவது, கடைசி பொது சீட்டா) வர வேண்டிய சீட்ட டர்னா திருப்புங்க. டர்ன் பெட்டிங் முடிஞ்சதும், ஓரமா வச்ச சீட்ட கட்டுல சேர்த்து, கலைச்சு, வெட்டி, பர்ன் இல்லாம ரிவர் போடுங்க. பர்ன் ஆனதும் மக்குக்கு (விட்ட சீட்டுக் குவியலுக்கு) போனதும் இந்தக் கலைப்புல சேரவே கூடாது. ரிவரா வர இருந்த சீட்டு டர்னா எப்படியும் வந்துடுது, முந்தி வந்த சீட்டுக்கும் திரும்ப வர ஒரு வாய்ப்பு இருக்கு, அதனால தான் இவ்ளோ சுத்து வழி.

ரிவர் முந்தி வந்துட்டா: டர்ன் பெட்டிங் முடிஞ்சதும் அத கட்டுல சேர்த்து கலைச்சு வெட்டி, பர்ன் இல்லாம திரும்ப போடணும்.

மூணுலயும் "பர்ன் இல்லாம"ங்கிறத கவனிச்சீங்களா, கலைச்சு போடுற அந்த ஒரு சீட்டுக்கோ ஃப்ளாப்புக்கோ புதுசா பர்ன் கிடையாது. பழக்க தோஷத்துல கை தானா பர்ன் பண்ணிடும். போடுறதுக்கு முன்னாடி ஃப்ளோர் பக்கத்துல நிக்கும்போதே வாய்விட்டு சொல்லிட்டே பண்ணுங்க.

இது நடக்காம இருக்க ஒரே பழக்கம் போதும். பர்ன் பண்றதுக்கு முன்னாடி டேபிள விரலால தட்டுங்க, தட்டுறதுக்கு முன்னாடி சீட்டு வச்சிருக்கிற ஒவ்வொருத்தரையும் கண்ணால ஒரு சுத்து பாருங்க, ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரே அளவு சிப் இருக்கா, இல்லனா அவர் ஆல் இன்னா (கைல இருந்த சிப் எல்லாம் போட்டாச்சா). பிக் பிளைண்ட்ல இருக்கிறவர் தான் அதிகமா விடுபடுறவர், எல்லாரும் வெறும் கால் பண்ணி சுத்தி வரும்போது அவருக்கு இன்னும் ரெய்ஸ் பண்ற உரிமை இருக்குங்கிறது டீலருக்கு மறந்துடும். பேர் சொல்லாட்டியும் "பிக் பிளைண்ட், உங்க ஆப்ஷன்"னு கையக் காட்டி கேளுங்க, அவர் செக்னு சொன்னதுக்கு அப்புறம் தட்டுங்க. அந்தத் தட்டு சும்மா சடங்கு இல்ல, "முடிஞ்சுது, யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க"ங்கிறதுக்கான நேரம், அதனால தட்டிட்டு அரை மூச்சு விடுங்க.

ஃப்ளாப்ல நாலு சீட்டு, இல்லனா பர்ன் பண்ண மறந்தாச்சு

நாலு சீட்டு வந்தா, நிமிர்ந்திருந்தாலும் சரி, குப்புற இருந்தாலும் சரி, ஃப்ளோர் வரணும். டிடிஏ வழில நாலையும் குப்புறப் போட்டு நீங்க கலைக்கணும், ஃப்ளோர் அதுல ஒண்ண எடுப்பாரு, அது அடுத்த பர்ன் கார்ட், மிச்ச மூணு ஃப்ளாப். சில ரூம்ல நாலையும் கட்டோட சேர்த்து கலைச்சு புது ஃப்ளாப் போடுவாங்க. எதுன்னு உங்க ரூம்ல முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.

பர்ன் மறந்துட்டா, இல்ல ரெண்டு பர்ன் ஆயிட்டா, வரிசை தெளிவா தெரியுற வரைக்கும் ஒவ்வொரு சீட்டையும் அதுக்குரிய இடத்துக்கு கொண்டு வருவாங்க. இந்த "தெளிவா தெரியுற வரைக்கும்"ங்கிறது தான் விஷயமே. ஃப்ளாப் போடும்போது மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா குப்புற வச்சு, மொத்தமா திருப்பி, அப்புறம் விரிக்கிறது தான் முறை. திருப்புறதுக்கு முன்னாடி ஒரு கணம் அந்த அடுக்கையும் பர்ன் கார்டையும் பாருங்க. இங்க ஒண்ணு, அங்க மூணு. இந்தப் பார்வை ஒரு செகண்ட் கூட எடுக்காது, தப்பு குப்புற இருக்கும்போதே தெரிஞ்சா யாரும் எதையும் பார்க்கல, யாருக்கும் நஷ்டம் இல்ல.

பர்ன் கார்ட்ஸ மக்லேர்ந்து தள்ளி, பாட் சிப்போட ஓரத்துக்கு அடியில வைங்க. டர்ன் வந்தா ரெண்டு, ரிவர் வந்தா மூணு. சந்தேகம் வந்தா எண்ணிக்கலாம். 9 பேர் ஆட்டத்துல ரிவர் வரைக்கும் போனா 18ம் 3ம் 5ம் சேர்ந்து 26 சீட்டு வெளிய, கையில சரியா பாதிக் கட்டு. ஒமாஹா ஆட்டம்னா ஆளுக்கு நாலு, 36ம் 8ம் போக கையில எட்டே எட்டு தான் மிஞ்சும், கட்டு அவ்ளோ மெலிசா இருக்கும்போது அடிச்சீட்டு தெரிஞ்சுடாம புடிக்கிறதுல கவனம் வேணும்.

கட்டுக்குள்ள ஒரு சீட்டு நிமிர்ந்து கிடக்கு / ஒரே சீட்டு ரெண்டு இருக்கு

நிமிர்ந்து கிடக்கிற சீட்டு வெறும் காகிதத்துக்கு சமம், அத ஒதுக்கிட்டு அடுத்த சீட்டு அந்த இடத்துக்கு. ஆனா முதல்ல ஆளுக்கு ரெண்டு போடும்போதே ரெண்டு சீட்டு நிமிர்ந்து வந்தா மிஸ்டீல். தவறிப்போய் உள்ள வந்த ஜோக்கரும் காகிதம் தான்.

ஒரே சீட்டு ரெண்டு இருந்தா அது வேற லெவல் பிரச்சனை, கட்டே செல்லாது, அந்த ஹேண்ட்ல போட்டதெல்லாம் அவங்கவங்களுக்கு திரும்பிப் போகணும்ங்கிறது பொதுவான வழக்கம். அதனால பாட்டும் சரி போர்டும் (நடுவுல இருக்கிற பொது சீட்டு) சரி, ஃப்ளோர் பார்க்கிற வரைக்கும் கலைக்காதீங்க. ரெண்டு கலர் முதுகு உள்ள கட்டு மாத்தி மாத்தி ஓடுற டேபிள்ல இது வராம இருக்க, கட்டு மாத்தும்போது நிமிர்த்தி விரிச்சு ஒவ்வொரு ஜாதியும் 13 இருக்கான்னு பாருங்க, அப்புறம் குப்புற விரிச்சு முதுகு எல்லாம் ஒரே கலரா, மடிப்பு கிடிப்பு இருக்கான்னு பாருங்க.

"அவர் என்னைத் தாண்டி ஆடிட்டார்"

வரிசை மாறி ஒருத்தர் கால், ரெய்ஸ்னு சொல்லிட்டா, முதல்ல ஆக்‌ஷன சரியான ஆள்கிட்ட கொண்டு வாங்க. அவர் செக், கால், ஃபோல்ட் பண்ணினா நிலைமை மாறல, முந்தினவர் சொன்னது அவரக் கட்டுப்படுத்தலாம். அவர் ரெய்ஸ் பண்ணிட்டா நிலைமை மாறிடுச்சு, முந்தினவர் வேற முடிவு எடுக்கலாம். தாண்டப்பட்டவருக்கும் பொறுப்பு இருக்கு, போதுமான நேரம் இருந்தும் அவர் வாயத் திறக்காம அவருக்கு அப்புறம் சப்ஸ்டான்ஷியல் ஆக்‌ஷன் நடந்துட்டா, அவர் ஹேண்ட் என்னாகும்ங்கிறது ஃப்ளோர் கையில. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணு தான்: ஒவ்வொரு முறையும் உள்ளங்கைய விரிச்சு அடுத்த ஆளக் காட்டி, தொகைய சொல்லுங்க. "600, உங்களுக்கு." முதுக சாய்ச்சு சீட்ட மறைச்சு வச்சிருக்கிறவங்க தான் விடுபடுவாங்க, சீட்ட முன்னாடி வைக்க சொல்லுங்க.

பெட் தொகைல தகராறு

இத சுருக்கமா சொல்லிடுறேன். பிளைண்ட் 50/100 ஆட்டத்துல ஒண்ணும் சொல்லாம ஒரே ஒரு 500 சிப்ப போட்டா அது கால், ரெய்ஸ் இல்ல, வாய்ல சொல்லிட்டு போட்டா தான் ரெய்ஸ். ரெய்ஸ் அளவு அந்த ரவுண்ட்ல இதுக்கு முன்னாடி வந்த பெரிய பெட்டோ ரெய்ஸோ எவ்ளோவோ அவ்ளோவாவது இருக்கணும். அதுக்குக் குறைவா, ஆனா பாதியோ அதுக்கு மேலயோ போட்டுட்டா டிடிஏ ரூல்படி முழு ரெய்ஸா ஆக்கணும். ஆல் இன் மட்டும் விதிவிலக்கு: ஃப்ளாப்ல ஒருத்தர் 1000 பெட், அடுத்தவர் 1400 ஆல் இன், மூணாமவர் 1400 கால். இப்ப முதல் ஆளுக்கு 400 கால் பண்ணலாம், ஃபோல்ட் பண்ணலாம், ரெய்ஸ் பண்ண முடியாது, ஏன்னா கூடினது 400 தான், முழு ரெய்ஸ் ஆகல. இந்த இடத்துல அவர் ரெய்ஸ்னு சொல்றதுக்கு முன்னாடியே "உங்களுக்கு கால் இல்ல ஃபோல்ட்"னு சொல்லிடுங்க, சொன்னதுக்கு அப்புறம் பின்வாங்க வைக்கிறதுல தான் சண்டையே வரும்.

மூணு ஆல் இன், பாட் கணக்கு இடிக்குது

ஆல் இன் வந்த உடனே எல்லா சிப்பையும் நடுவுல இழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாரு எவ்ளோ போட்டாங்கன்னு பாட்ட வச்சு கண்டுபிடிக்கவே முடியாது. சிப் அவங்கவங்க முன்னாடியே நிக்கட்டும். பெட்டிங் முழுசா முடிஞ்சதும், ரொம்ப சின்ன ஆல் இன்லேர்ந்து ஆரம்பிங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், பிளைண்ட் 50/100. ரெண்டாம் சீட் 300 ஆல் இன், நாலாம் சீட் 700 ஆல் இன், ஆறாம் சீட் 1500ன்னு ரெய்ஸ், ஏழாம் சீட் ஸ்மால் பிளைண்ட் 50 போட்டு ஃபோல்ட், எட்டாம் சீட் பிக் பிளைண்ட்லேர்ந்து 1500 கால். முதல்ல ஒவ்வொருத்தர்கிட்டேர்ந்தும் 300 எடுங்க, நாலு பேர், 1200, அதோட ஃபோல்ட் பண்ணினவரோட 50, மெயின் பாட் (நாலு பேரும் ஜெயிக்கக்கூடியது) 1250. அடுத்து நாலாம் சீட்ல மிச்சம் 400, மூணு பேர்கிட்டேர்ந்து 400, முதல் சைடு பாட் (அந்த மூணு பேருக்கு மட்டும்) 1200. ஆறுலயும் எட்டுலயும் மிச்சம் 800, 800, ரெண்டாவது சைடு பாட் 1600. மூணையும் கூட்டினா 4050, போட்டதையும் கூட்டிப் பாருங்க, 300, 700, 1500, 1500, 50, அதுவும் 4050. இந்தக் கூட்டல பண்ணாம அடுத்த சீட்ட திருப்பாதீங்க.

ஃபோல்ட் பண்ணினவர் 50 இல்லாம 500 போட்டிருந்தா? அவர் 300 மெயின் பாட்டுக்கு, 200 முதல் சைடு பாட்டுக்கு. "ஃபோல்ட் பண்ணினவர் காசு எல்லாம் மெயின்"னு நினைச்சு மொத்தத்தையும் அங்க தள்ளுற பழக்கம் நிறைய பேர்கிட்ட இருக்கு, அது ரெண்டாம் சீட்ல இருக்கிறவருக்கு அவர் ஜெயிக்க உரிமை இல்லாத காச குடுக்குறது.

ஒவ்வொரு பாட்டும் தனித்தனியா, நடுவுல இடைவெளியோட நிக்கணும். முடிவுல கடைசியா உருவான சைடு பாட்டுலேர்ந்து பின்னோக்கி வாங்க: முதல்ல 1600க்கு ஆறும் எட்டும், அப்புறம் 1200க்கு நாலும் சேரும், கடைசியா மெயினுக்கு ரெண்டு. மெயின முதல்ல குடுத்துட்டு அந்த ஆளோட சீட்ட மக்ல தள்ளிட்டு, "சைடு பாட் யாருக்கு"ன்னு தேடுற டீலர பார்த்தா மனசு பதறும், ஏன்னா அந்த மக்ல தள்ளின கைல சைடு பாட்டும் இருந்திருக்கலாம்.

சமமா பிரிக்கும்போது ஒரு சிப் மிஞ்சினா, முதல்ல பெரிய சிப்ப ஆட்டத்துல இருக்கிற சின்ன சிப்பா உடைங்க. 1225அ ரெண்டா பிரிச்சா ஆளுக்கு 600, 25 சிப் ஒண்ணு மிஞ்சும், அது பட்டனுக்கு இடது பக்கம் முதல்ல இருக்கிறவருக்கு. ஹை லோ ஆட்டம்னா (பெரிய கையும் சின்ன கையும் பாட்ட பிரிச்சுக்கிறது) ஹை கைக்கு. சைடு பாட் ரெண்டையும் சேர்த்து பிரிக்காதீங்க, தனித்தனியா பிரிங்க.

ஜெயிச்ச சீட்டு மக்ல போயிடுச்சு / தப்பான ஆளுக்கு பாட் தள்ளியாச்சு

கைய எடுங்க, மக்கத் தொடாதீங்க, ரிஃபிள் (கட்ட ரெண்டாப் பிரிச்சு கலைக்கிறது) பண்ணவே பண்ணாதீங்க. டிடிஏல அடுத்த ஹேண்ட் ஆரம்பிக்கிறது முதல் ரிஃபிள்ல, அது விழுந்துட்டா போன ஹேண்ட் பாட்டப் பத்தி கேள்வி கேக்குற உரிமை முடிஞ்சுடும். ஒருத்தர் "இருங்க இருங்க"ன்னு சொல்லிட்டிருக்கும்போது கை பழக்கத்துல ரிஃபிள் பண்ணினா அவரோட உரிமைய நீங்க பறிச்ச மாதிரி.

சீட்ட எல்லாரும் பார்க்க முழுசா நிமிர்த்தி வச்சிருந்து, அது தெளிவா ஜெயிச்ச கைன்னா, டீலர் தப்பா மக்ல தள்ளினதால அது சாகாது. குப்புற வச்சு, பாதுகாப்பு இல்லாம விட்ட சீட்ட டீலர் இழுத்துட்டா நிலைமை வேற, அங்க பிளேயருக்கு பெருசா ஒண்ணும் கிடைக்காது, அதனால முதல் சீட்லயும் கடைசி சீட்லயும், உங்க கைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறவங்க, சீட்டு மேல ஒரு சிப் வைக்க சொல்லிட்டே இருங்க.

தப்பா படிக்கிறது எங்க வருதுன்னா பெரும்பாலும் போர்டே ஆடுற இடத்துல. போர்டு: ஸ்பேட் ஏஸ், டைமண்ட் குயின், கிளாவர் குயின், ஹார்ட் எட்டு, கிளாவர் எட்டு. ஒருத்தர் ஜோடி ஏழு காட்டுறாரு, இன்னொருத்தர் ஜாக், பத்து காட்டி முகத்த தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. கண்ணு ஜோடி ஏழுக்கு தான் போகும், கையும் பாட்ட அங்கயே தள்ளும். ஆனா ரெண்டு பேருக்கும் அஞ்சு சீட்டு ஒண்ணே தான், குயின் ஜோடி, எட்டு ஜோடி, ஏஸ். ஏழு ஜோடிக்கு இடமே இல்ல. பாதி பாதி. ஒமாஹால வேற பொறி, போர்டுல நாலு ஹார்ட் கிடக்கும், ஒருத்தர் கைல ஹார்ட் ஏஸ் ஒண்ணு மட்டும், ஃப்ளஷ்னு (ஒரே ஜாதி அஞ்சு) கத்துவாரு, கைலேர்ந்து ரெண்டு, போர்டுலேர்ந்து மூணு எடுத்தே ஆகணும், அவருக்கு ஃப்ளஷ் இல்ல.

அதனால கைய பார்க்கிறதுக்கு முன்னாடி போர்ட படிங்க, ரிவர் பெட்டிங் நடக்கும்போதே. ஒரே ஜாதி மூணு இருக்கா, ஜோடி இருக்கா, ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையா அஞ்சு) மூணு சேருதா. கை வந்ததும் அந்த அஞ்சு சீட்ட லேசா முன்னாடி தள்ளிக் காட்டி, சத்தமா சொல்லுங்க. தோத்த கைய ஒவ்வொண்ணா, ஜெயிச்ச கைக்கு எதிரா வச்சுப் பார்த்து அப்புறம் எடுங்க. ஜெயிச்ச கையும் போர்டும் பாட் அவர்கிட்ட போய் சேர்ற வரைக்கும் நிமிர்ந்தே இருக்கணும். பாட்ட முதல்ல தள்ளணும், சீட்ட அப்புறம் எடுக்கணும், இந்த வரிசைய எந்த அவசரத்துலயும் மாத்தாதீங்க. அப்படி இருந்தா தப்பா படிச்சிருந்தாலும் டேபிள்ல யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுடும், அவர் பேசுறதுக்கு நேரமும் இருக்கும், அந்த ஹேண்ட்ல இல்லாதவர் சொன்னாலும் காது குடுங்க.

டீலர் மாறும்போது கணக்கு குழம்புது

பெரும்பாலான ரூம்ல அரை மணிக்கு ஒரு தடவை டீலர் மாறுவாங்க. நடு ஹேண்ட்ல எழுந்திருக்காதீங்க, ஹேண்ட முடிச்சு, பாட்ட தள்ளி, பட்டன நகர்த்திட்டு எழுந்திருங்க. பட்டன நகர்த்திட்டீங்களா இல்லையாங்கிறத வர்றவர்கிட்ட வாய்ல சொல்லுங்க, ரெண்டு பேரும் நகர்த்திடுறதும் ரெண்டு பேருமே விட்டுடுறதும் தான் அடிக்கடி நடக்கிற கூத்து. யாரு பிளைண்ட் பாக்கி வச்சிருக்காங்க, எந்த சீட் ஆள் வெளிய போயிருக்காரு, இதையும் சொல்லிட்டு, கைல எதுவும் இல்லன்னு ரெண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டிட்டு எழுந்திருங்க. வர்றவர் பட்டன தொட்டுப் பார்த்துட்டு, பிளைண்ட் ரெண்டும் சரியான இடத்துல இருக்கான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் கலைக்க ஆரம்பிக்கட்டும்.